திரையைக் காதால் வாசித்தல்: என்விடிஏ மென்பொருளைத் தமிழோடு நிறுவிப் பழகும் முறை

பார்வையற்ற ஒருவர் கணினி கற்க வந்து அமரும்போது அவர் கையில் முதலில் கொடுக்கப்படும் பொருள் மவுஸாக இருந்தால், அன்றைய வகுப்பு தொடங்கும் முன்பே பாழாகிவிட்டது என்று கொள்ளலாம். மவுஸின் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதைக் கண் சொல்லாவிட்டால் அந்தக் கருவியால் பயனில்லை. ஆனால் விண்டோஸ் கணினியில் மவுஸால் செய்யும் வேலைகள் ஏறக்குறைய அனைத்தையும் விசைப்பலகையாலேயே செய்துவிட முடியும். பேசும் மென்பொருள் ஒன்று உடன் இருந்தால் போதும். அத்தகைய மென்பொருள்களில் இலவசமாகக் கிடைப்பதும், தமிழில் பேசக்கூடியதும், பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் அளவுக்குப் பரவியிருப்பதுமான என்விடிஏவை நிறுவுவது எப்படி, முதல் சில நாள்களில் எதை எந்த வரிசையில் பழகுவது என்பதை இங்கே விளக்குகிறேன். குறைபார்வை உடையோருக்கான செய்திகள் பின்னால் தனியே வருகின்றன. அவர்களும் முற்பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். கண் களைத்த நேரத்தில் காதிடம் வேலையை ஒப்படைக்கத் தெரிந்திருப்பது அவர்களுக்கும் பெரிய உதவி.

திரைவாசிப்பான் என்று தமிழில் வழங்கும் ஸ்கிரீன் ரீடர், திரையின் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. திறந்திருக்கும் நிரலிடம், இப்போது எந்த உறுப்பில் இருக்கிறோம், அதன் பெயர் என்ன, அது பொத்தானா எழுதும் பெட்டியா, குறியிடப்பட்டதா இல்லையா என்று கேட்டு, கிடைக்கும் விடையைக் குரலாக மாற்றிச் சொல்கிறது. பிரெய்ல் காட்டி இணைக்கப்பட்டிருந்தால் அதே விடையைப் புள்ளிகளாக எழுப்பியும் காட்டும். இந்த அடிப்படை மனத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். ஓர் இணையதளத்தில் போகுமிடமெல்லாம் "பொத்தான், பொத்தான்" என்று மட்டுமே கேட்டால், கற்பவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று பொருளல்ல; அந்தத் தளத்தை அமைத்தவர்கள் பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்றே பொருள்.

திரைவாசிப்பான்கள் பல உண்டு. ஜாஸ் 1989-இல் டாஸ் காலத்திலேயே வந்தது; திறமையானது, ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டியது. நரேட்டர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. மேக் கணினியில் வாய்ஸ்ஓவரும், லினக்ஸில் ஆர்காவும் இருக்கின்றன. என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் அவரோடு சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். திரைவாசிப்பானுக்காகக் கணினியின் விலைக்கு நிகராக இன்னொரு தொகையைப் பார்வையற்றவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த மென்பொருள் அது. அதன் மூலநிரல் திறந்தது என்பதால் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதைத் தத்தம் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். தமிழுக்கும் அப்படித்தான் வந்தது.

நிறுவுதல்

எந்தத் திரைவாசிப்பானும் இல்லாத புதுக் கணினியில், உதவிக்கு ஆளில்லாமலே வேலையைத் தொடங்க வழி உண்டு. விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். பிறகு விண்டோஸ் விசையை அழுத்தி, உலாவியின் பெயரைத் தட்டச்சு செய்து, எண்டர் தட்டினால் உலாவி திறக்கும். அதில் என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்சஸ் என்னும் அமைப்பின் இணையதளத்தைத் தேடி, பதிவிறக்கப் பக்கத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே நன்கொடை கேட்கப்படும். இயன்றவர் கொடுக்கலாம், இயலாதவர் இம்முறை கொடுக்கவில்லை என்பதைத் தேர்ந்து கடந்து செல்லலாம். வேறு தளங்களிலிருந்து பதிவிறக்குவதைத் தவிர்க்கவும். கோப்பு இறங்கியதும் கண்ட்ரோலுடன் ஜே விசையை அழுத்தினால் பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். அதில் கோப்பின் மீது எண்டர் தட்டவும்.

சிறிது நேரத்தில் ஒரு சிறு இசை ஒலிக்கும். பின் என்விடிஏ தன் குரலிலேயே பேசத் தொடங்கும். இந்த இடத்தில் நரேட்டரை அதே மூன்று விசைகளால் நிறுத்திவிடவும். இல்லையேல் இரண்டு குரல்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாது. டேப் விசையால் உரிம ஒப்புதல் பெட்டிக்குச் சென்று ஸ்பேஸ் விசையால் குறியிட்டு, மறுபடி டேப் தட்டி, இந்தக் கணினியில் நிறுவும் பொத்தானை அடைந்து எண்டர் தட்டவும். விண்டோஸில் நுழையும் திரையிலேயே என்விடிஏ பேச வேண்டும் என்ற தேர்வை நீக்காமல் விடுங்கள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மௌனமாக நிற்கும் கணினியைவிடத் திகைக்க வைப்பது வேறில்லை. இடையில் விண்டோஸ் அனுமதி கேட்டால் ஆல்ட் விசையுடன் ஒய் அழுத்தினால் போதும்.

நிறுவும் பொத்தானுக்கு அருகிலேயே, எடுத்துச் செல்லும் பிரதியை உருவாக்கும் பொத்தானும் இருக்கும். அதைக் கொண்டு ஒரு பென் டிரைவில் என்விடிஏவைப் போட்டுக்கொண்டால், நண்பர் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ நிறுவாமலே பயன்படுத்தலாம். விண்டோஸ் அனுமதி கேட்கும் திரையையும் நுழைவுத் திரையையும் அந்தப் பிரதியால் படிக்க முடியாது, மற்றபடி குறையில்லை. கணினி கற்பிக்கும் எவரும் அப்படி ஒன்றைச் சாவிக்கொத்தோடு வைத்திருப்பது நல்லது.

நிறுவி முடிந்ததும் வரவேற்புச் சாளரம் ஒன்று தோன்றி, உங்கள் விசைப்பலகை டெஸ்க்டாப் அமைப்பா லேப்டாப் அமைப்பா என்று கேட்கும். வலப்புறம் தனியாக எண் விசைகள் உள்ள பலகை என்றால் டெஸ்க்டாப், இல்லையென்றால் லேப்டாப். என்விடிஏவின் கட்டளைகள் எல்லாம் என்விடிஏ விசை என்று சொல்லப்படும் ஒரு விசையோடு சேர்ந்தே இயங்கும். இயல்பாக அது இன்செர்ட். மடிக்கணினிகளில் இன்செர்ட் விசை ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும், சிலவற்றில் வேறொரு விசையோடு சேர்த்தும் அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே, கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாகப் பயன்படுத்தும் தேர்வை அதே சாளரத்தில் குறியிட்டுக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கின் பழைய வேலை தேவைப்பட்டால் அதை விரைந்து இருமுறை அழுத்தினால் கிடைக்கும்.

விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். எண் பகுதியின் 5 மேலும் இருக்கும். விரல்களுக்கு அவையே திசைகாட்டி. இவை தவிர, கற்பவருக்கு அடிக்கடி தவறும் விசை எதுவோ அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடலாம். வெளிநாட்டுக் கடைகளில் இதற்கென்றே தடிப்பு ஒட்டிகள் விற்கிறார்கள். ஒரு பொட்டு அட்டை அதே வேலையைச் செய்துவிடும்.

குரலைத் தமிழாக்குதல்

என்விடிஏவை விட்டுவிட்டவர்களில் பலர் அதன் கட்டளைகளைக் கண்டு அஞ்சி விட்டதில்லை. முதல் நாள் கேட்ட குரலின் வேகத்தையும் இரும்புத் தன்மையையும் தாங்காமல் விட்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. எனவே வேறு எதைக் கற்பதற்கும் முன் குரலைச் சீராக்க வேண்டும். என்விடிஏ விசை, கண்ட்ரோல், வி ஆகிய மூன்றையும் அழுத்தினால் பேச்சு அமைப்புகள் திறக்கும். அங்கே டேப் விசையால் வேகம் என்னும் அளவுகோலை அடைந்து, அம்பு விசைகளால் குறைக்கலாம் அல்லது கூட்டலாம். 0 முதல் 100 வரையுள்ள அந்த அளவில் புதியவர் 30-க்கு அருகில் தொடங்கி, வாரத்திற்கு இரண்டு மூன்று புள்ளிகள் ஏற்றிக்கொண்டு போகலாம். அனுபவசாலி ஒருவரின் கணினி பேசுவதைக் கேட்டால் அது என்ன மொழி என்றே பிறருக்குப் புலப்படாது. அந்த வேகத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, அது தானாக வந்து சேரும்.

தமிழுக்கு இரண்டு குரல் வழிகள் உள்ளன. முதலாவது, என்விடிஏவோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ஜி. என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஸ் ஆகியவற்றை அழுத்தி, பட்டியலில் ஈஸ்பீக்கைத் தேர்ந்து, பிறகு பேச்சு அமைப்புகளில் குரல் என்ற இடத்தில் தமிழைத் தேர வேண்டும். குரல் இனிமையானதன்று, ஆனால் அழுத்திய விசைக்கு உடனே விடை தரும், பழைய கணினியிலும் திணறாது, மிகுந்த வேகத்திலும் தெளிவு குறையாது. தமிழுக்கு நடுவே வரும் ஆங்கில எழுத்திலான சொற்களை ஆங்கிலமாகவே படிக்கவும் முயலும். இரண்டாவது, விண்டோஸின் சொந்தத் தமிழ்க் குரலான வள்ளுவர். விண்டோஸ் அமைப்புகளில் நேரம், மொழி பற்றிய பகுதிக்குள் பேச்சு என்ற பக்கத்திற்குச் சென்று, குரல்களைச் சேர்க்கும் பொத்தானால் தமிழை இறக்கிக்கொண்டால், என்விடிஏவில் விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்ததும் அது கிடைக்கும். மனிதக் குரலுக்குச் சற்று நெருக்கமானது. நீண்ட கட்டுரைகளைக் கேட்க வள்ளுவர், அன்றாட வேலைக்கு ஈஸ்பீக் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டு மொழிகளுக்கும் இடையே நாள்தோறும் மாறி மாறி வேலை செய்பவர்கள், ஒவ்வொரு முறையும் அமைப்புகளுக்குள் போய் வர வேண்டியதில்லை. என்விடிஏ விசை, கண்ட்ரோல், ப்ரொஃபைல் என்பதன் முதலெழுத்தான பி ஆகியவை திறக்கும் சாளரத்தில், இன்ன நிரல் முன்னிற்கும்போது இன்ன குரல் என்று தனித்தனி அமைவு வடிவங்களை உருவாக்கி வைக்கலாம். தமிழில் எழுதும் வேர்டுக்குத் தமிழ்க் குரல், ஆங்கில மின்னஞ்சலுக்கு ஆங்கிலக் குரல் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு நிரல் மாறும்போது குரலும் தானே மாறும்.

என்விடிஏவின் சொந்தச் சாளரங்களும், "பொத்தான்", "தொடுப்பு" போன்ற அறிவிப்புகளும் தமிழில் வர வேண்டுமென்றால், பொது அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கி, மென்பொருளை மீண்டும் தொடங்க வேண்டும். ஆங்கிலம் அதிகம் பழகாதவருக்கு இதனால் பாதிப் பாரம் இறங்கிவிடும். விண்டோஸையும் தமிழாக்கிக்கொள்ளலாம் என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தொலைபேசியில் உதவி கேட்கும்போது மறுமுனையில் இருப்பவர் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இருவர் திரையும் இரு மொழியில் இருந்தால் உரையாடல் நகராது.

சில சொற்களைக் குரல் தொடர்ந்து தவறாகவே படிக்கும். ரூபாயைக் குறிக்கும் சுருக்கத்தை எழுத்தாகப் படித்துவிட்டுப் போகலாம். ஊர்ப்பெயர் ஒன்றைச் சிதைக்கலாம். என்விடிஏ பட்டியலில் விருப்பங்களுக்குள் பேச்சு அகராதிகள் உள்ளன. இந்தச் சொல்லை இப்படிப் படி என்று அங்கே எழுதி வைத்தால் அது அப்படியே கேட்கும். அமைப்புகளை எல்லாம் சரிசெய்த பின் என்விடிஏ விசை, கண்ட்ரோல், சி ஆகியவற்றை அழுத்திச் சேமித்துக்கொள்ளவும்.

முதல் பத்து நாள்

என்விடிஏவுக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகள் உண்டு. அவற்றின் பட்டியலை முதல் நாளே கையில் கொடுப்பது, நீச்சல் கற்க வந்தவரைக் கடலில் இறக்குவது போன்றது. முதல் இரண்டு நாளும் ஒரே ஒரு கட்டளை போதும்: என்விடிஏ விசையுடன் 1. அதை அழுத்தினால் விசை உதவி நிலை தொடங்கும். அதன்பின் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் குரல் சொல்லும், ஆனால் எந்த வேலையும் நடக்காது. எதையாவது அழித்துவிடுவோமோ என்ற அச்சமின்றிப் பலகை முழுவதையும் விரல்களால் சுற்றி வரலாம். அதே கட்டளை மறுபடி அழுத்தப்பட்டால் அந்த நிலை முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் கண்ட்ரோலைக் கற்க வேண்டும், ஏனென்றால் பேச்சை வாயடைக்கும் விசை அதுதான். ஷிப்ட் பேச்சை இடைநிறுத்தி, மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குரல் எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்று தெரிந்தவுடன் கற்பவரின் தோள்கள் தளர்வதை அருகிலிருந்து பார்க்கலாம்.

அடுத்து நான் எங்கே இருக்கிறேன் என்னும் கேள்வி. பார்க்கிறவர் ஒரு நொடியில் கண்ணோட்டிக் கண்டுகொள்வதைக் கேட்கிறவர் விசாரித்து அறிய வேண்டும். என்விடிஏ விசையுடன், டைட்டில் என்பதன் முதலெழுத்தான டி சாளரத்தின் தலைப்பைச் சொல்லும். என்விடிஏ விசையுடன் டேப், இப்போது நிற்கும் உறுப்பைச் சொல்லும். என்விடிஏ விசையுடன் எஃப் 12 நேரத்தையும், விரைந்து இருமுறை அழுத்தினால் தேதியையும் சொல்லும். இவற்றோடு விண்டோஸின் சொந்த விசைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நிரலைத் திறக்க விண்டோஸ் விசையும் நிரலின் பெயரும், திறந்திருப்பவற்றுக்கிடையே தாவ ஆல்ட்டுடன் டேப், மூடுவதற்கு ஆல்ட்டுடன் எஃப் 4, பின்வாங்க எஸ்கேப், உறுப்புகளுக்கிடையே முன்செல்ல டேப், பின்செல்ல ஷிப்டுடன் டேப். இவ்வளவும் கைவந்தால் கணினிக்குள் வழி தவறினாலும் திரும்பி வந்துவிட முடியும்.

வாசிக்கத் தொடங்கும்போது டெஸ்க்டாப் அமைப்பில் என்விடிஏ விசையுடன் கீழ் அம்பும், லேப்டாப் அமைப்பில் என்விடிஏ விசையுடன் ஏ விசையும், நிற்கும் இடத்திலிருந்து இறுதிவரை தொடர்ந்து படிக்கும். மேல் கீழ் அம்புகள் வரி வரியாகவும், கண்ட்ரோலுடன் இட வல அம்புகள் சொல் சொல்லாகவும், வெறும் இட வல அம்புகள் எழுத்து எழுத்தாகவும் நகர்த்தும். நிறுத்தற்குறிகளை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை என்விடிஏ விசையும், பங்க்சுவேஷன் என்பதன் முதலெழுத்தான பியும் மாற்றும். படிக்கும்போது குறைவாகவும், பிழை திருத்தும்போது முழுமையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுதல்

பார்வையற்றவர் தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பையே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கில ஒலிபெயர்ப்பில் எழுதுவது எளிது என்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தவருக்கு அது எளிதாக இருக்கலாம். ஆனால் கணினிக் குரல் ன, ண, ந மூன்றையும் ல, ள இரண்டையும் காதுக்கு ஐயமின்றிப் பிரித்துக் காட்டிவிடும் என்று நம்ப முடியாது. தமிழ்99-இல் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசை இருப்பதால், எந்த எழுத்தைப் போட்டோம் என்பது விரலுக்கே தெரியும். உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருமாறு அது அமைந்துள்ளது. எஃப் விசையின் மேல் ஒரு மேடு உண்டு என்றேன் அல்லவா? தமிழ்99-இல் அந்த இடம்தான் புள்ளி. ஒரே மெய் இரட்டிக்கும்போது, எடுத்துக்காட்டாகக் ககரத்தை இருமுறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும் என்பதால் "பக்கம்", "அப்பா" போன்ற சொற்களுக்கு விரல் வேலை குறைகிறது.

விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்து அதன் கீழ் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டால், விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறலாம். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் சொல்வதை என்விடிஏ விசையுடன் 2, ஒவ்வொரு சொல்லையும் சொல்வதை 3 மாற்றும். கற்கும் காலத்தில் எழுத்தையும், கை பழகிய பின் சொல்லை மட்டும் சொல்ல விடுவது வேகத்தைக் கூட்டும்.

இணையத்தில் உலவும்போது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் சற்று நின்று பார்ப்போம். ஓர் இணையப் பக்கம் திறந்ததும் என்விடிஏ அதை ஓர் ஆவணமாக வைத்துக்கொண்டு உலவும் நிலையில் நிற்கும். அந்நிலையில் எழுத்து விசைகள் எழுத்தை இடுவதில்லை, தாவுகின்றன. எச் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், கே தட்டினால் அடுத்த தொடுப்புக்கும், பட்டன் என்பதன் முதலெழுத்தான பி தட்டினால் அடுத்த பொத்தானுக்கும், இ தட்டினால் எழுதும் பெட்டிக்கும், டேபிள் என்பதன் முதலெழுத்து அட்டவணைக்கும் அழைத்துச் செல்லும். ஷிப்டுடன் சேர்த்தால் அதே பயணம் பின்னோக்கி நடக்கும். செய்தித் தளம் ஒன்றை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வருபவர் விளம்பரங்களிலேயே மூழ்கிவிடுவார். எச் விசையால் தலைப்புத் தலைப்பாகத் தாவுபவர் வேண்டிய செய்தியைச் சில நொடிகளில் அடைந்துவிடுவார்.

எழுதும் பெட்டியின் மேல் நின்று எண்டர் தட்டினால் ஒரு சிறு ஒலி கேட்கும். என்விடிஏ குவியும் நிலைக்கு மாறிவிட்டது என்பதன் அறிகுறி அது. இப்போது விசைகள் எழுத்துகளாகவே பெட்டியில் விழும். எழுதி முடித்ததும் எஸ்கேப் தட்டினால் வேறோர் ஒலியோடு உலவும் நிலை திரும்பும். வலிந்து மாற்ற வேண்டுமென்றால் என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ். பெயரைத் தட்டச்சு செய்கிறேன், ஆனால் பக்கம் எங்கெங்கோ ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் உலவும் நிலையில் இருக்கிறார்; எச் தட்டுகிறேன், தலைப்புக்குப் போகவில்லை என்றால் குவியும் நிலையில் சிக்கியிருக்கிறார். அந்த இரண்டு ஒலிகளையும் காது பிரித்தறியும்வரை வெற்றுப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

என்விடிஏ விசையுடன் எஃப் 7 அழுத்தினால் பக்கத்திலுள்ள தொடுப்புகள், தலைப்புகள், பொத்தான்கள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். முன்பின் அறியாத தளத்திற்குள் நுழையும்போது இதையே முதலில் திறப்பது நல்லது. படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் சோதனைகளுக்கு ஒலிவழி மாற்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதுவும் இல்லாத தளங்களில் பிறர் கண்ணைக் கடன் வாங்குவதைத் தவிர வழியில்லை. அது பயனரின் குறையல்ல, தளத்தின் குறை.

படிக்க மறுக்கும் தமிழ்க் கோப்புகள்

தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்ததும் என்விடிஏ ஆங்கில எழுத்துகளைப் பிதற்றத் தொடங்கினால், கோப்பு யூனிகோடில் இல்லாமல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினியில் எழுதிய "தமிழ்" என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். திரைவாசிப்பான் போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளிருப்பதைப் படிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சுற்றறிக்கைகளும் அழைப்பிதழ்களும் பழைய எழுத்துருவில் வருவது நிற்கவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் உரையை ஒட்டி, எந்த எழுத்துரு என்று சொன்னால் யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும்.

ஒருசொல்கூடப் படிக்காமல் கோப்பு மௌனம் காத்தால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். ஆங்கிலப் படங்களில் உள்ள எழுத்தை என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தி, விண்டோஸின் எழுத்துணரி மூலம் படிக்கலாம். தமிழுக்கு அந்த வழி உதவாது. கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் மீது நின்று ஷிப்டுடன் எஃப் 10 அழுத்தி, கூகுள் டாக்ஸில் திறக்கும் தேர்வைக் கொடுத்தால், படத்துக்குக் கீழே உரையாக எழுதித் தரும். அச்சு தெளிவாக இருந்தால் வியக்கத்தக்க அளவு சரியாக வரும். கையெழுத்தையும் பல பத்திகளாக அமைந்த நாளிதழ்ப் பக்கத்தையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். முழுப் புத்தகங்கள் வேண்டுமென்றால், 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் உறுப்பினராகி, அணுகத்தக்க வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

குறைபார்வை உடையோருக்கு

ஓரளவு பார்வை உள்ளவர்கள் எடுத்த எடுப்பிலேயே உருப்பெருக்கியை முழு அளவில் ஏற்றிவிடுவதைக் காண்கிறோம். திரையின் ஒரு மூலை மட்டும் பூதாகாரமாகத் தெரியும். மற்றவை எங்கே என்று தேடியே நேரம் போகும். வரிசையை மாற்றிப் பாருங்கள். விண்டோஸுடன் யூ அழுத்தினால் அணுகல் அமைப்புகள் திறக்கும். முதலில் எழுத்தின் அளவைக் கூட்டவும். 225 சதவீதம் வரை ஏற்றலாம். அடுத்து மவுஸ் அம்பின் அளவையும் நிறத்தையும், எழுதுமிடம் காட்டும் கோட்டின் தடிமனையும் மாற்றவும். அதன்பின் மாறுபாட்டு வண்ணத் திட்டங்களைச் சோதிக்கவும். இவை போதாதபோது மட்டுமே உருப்பெருக்கிக்குச் செல்ல வேண்டும்.

விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறி அழுத்தினால் மேக்னிஃபையர் தொடங்கும். விண்டோஸுடன் எஸ்கேப் அதை மூடும். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் எஃப் சேர்ந்தால் முழுத்திரையும், எல் சேர்ந்தால் நகரும் வில்லையும் கிடைக்கும். ஐ சேர்ந்தால் நிறங்கள் தலைகீழாகி வெள்ளைத் தளம் கறுப்பாகும். எது பொருந்தும் என்பது கண்ணின் குறை எத்தகையது என்பதைப் பொறுத்தது. மையப் பார்வை மங்கியவருக்கு அதிகப் பெருக்கம் உதவும். விழித்திரை நிறமிச் சிதைவு போன்றவற்றால் பார்வைப் பரப்பு குழாய்போல் சுருங்கியவருக்கோ, பெருக்கப் பெருக்க எழுத்துகள் பரப்புக்கு வெளியே போய்விடும். அவருக்குச் சிறிய எழுத்தும் கூர்மையான நிற மாறுபாடுமே தேவை. கண்புரையால் வெளிச்சம் கூசுபவருக்குக் கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து ஆறுதல் தரும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்திய அமைப்பு உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

மேக்னிஃபையரும் என்விடிஏவும் ஒரே நேரத்தில் இயங்கும். என்விடிஏ அமைப்புகளில் பார்வை என்ற பகுதியில், இப்போது நிற்கும் உறுப்பைச் சுற்றி வண்ணக் கட்டம் போடும் வசதியும் உண்டு. தலைப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டு பத்தியைக் காதால் கேட்பவருக்கு அது வழிகாட்டும். குரல் மட்டும், அதுவும் இணையப் பக்கத்திற்கு மட்டும் போதுமென்றால், எட்ஜ் உலாவியில் கண்ட்ரோல், ஷிப்ட், யூ அழுத்தினால் பக்கத்தைப் படித்துக் காட்டும். அதில் உள்ள பல்லவி, வள்ளுவர் ஆகிய தமிழ்க் குரல்கள் இயல்பாக ஒலிக்கின்றன.

அருகில் அமர்ந்து கற்றுக்கொடுப்பவர்களுக்கு

"இங்கே பாருங்கள்", "அந்த நீலப் பொத்தான்", "மேலே வலப்பக்க மூலை" என்பன காதால் கணினி கற்பவருக்குப் பொருளற்ற சொற்கள். "டேப் மூன்று முறை, பிறகு ஸ்பேஸ்" என்பதே அவருக்கு வழி. அவசரம் தாங்காமல் நீங்கள் மவுஸை எடுத்து ஒரு சொடுக்கில் வேலையை முடித்துவிட்டால், அந்த வேலையை அவர் இனி உங்களிடமே கொண்டுவருவார். பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குரலும் என்விடிஏவின் குரலும் ஒரே காதுக்குப் போட்டியிடக் கூடாது.

குரல் திடீரென்று நின்றுவிட்டால்

இது எல்லோருக்கும் ஒருநாள் நேரும். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். என்விடிஏ மீண்டும் தொடங்கும். அப்போதும் மௌனம் என்றால், கை தவறி என்விடிஏ விசையுடன் எஸ் அழுத்தப்பட்டுப் பேச்சு நிலை மாறியிருக்கலாம். குரல் திரும்பும்வரை அதே இரண்டு விசைகளையும் நிதானமாக ஒவ்வொரு முறையாகத் தட்டிப் பாருங்கள். குரல் திரும்பியும் தாவிப் போகையில் மட்டும் பேசாமலிருந்தால், கேட்டால் மட்டும் பேசும் நிலையில் அது நிற்கிறது. இன்னொரு முறை தட்டவும். அடுத்து, முன்பு இணைத்த ப்ளூடூத் ஒலிபெருக்கியோ காதொலியோ மேசை இழுப்பறைக்குள் கிடந்து குரலைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். அமைப்புகளை மாற்றிப் பார்த்ததில் குரல் குழம்பிவிட்டது என்றால், என்விடிஏ விசை, கண்ட்ரோல், ஆர் ஆகியவற்றை ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த அமைப்பு திரும்பும். விரைந்து மூன்று முறை அழுத்தினால் புதிதாக நிறுவிய நாளின் நிலைக்கே சென்றுவிடும். இவை எதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் அழுத்தி நரேட்டரை எழுப்பி, அதன் துணையோடு கணினியை நிறுத்தித் தொடங்குங்கள்.